தங்கச்சிக் கல்

ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் குளத்தைக் காணவில்லை.

வீட்டில் கரண்டி காணாமல் போகும், கோழி காணாமல் போகும். ஒரு குளமே காணாமல் போகும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் மேட்டு லயத்து வாசலில் நின்றால் கீழே தினமும் பளபளவென்று தெரிகிற தண்ணீர் இருந்த இடத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்புச் சேறு. அதன் நடுவே ஓர் ஓடை, இதற்கா இத்தனை காலம் குளம் என்று பேர் வைத்திருந்தீர்கள் என்று கேட்பதைப்போல ஒல்லியாக ஓடிக்கொண்டிருந்தது. பல் விளக்கக் கையில் எடுத்த அடுப்புக்கரியோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் அம்மாவும் நின்றாள். லயமே நின்றது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற அவசரமும் யாருக்கும் இல்லை.

அந்தக் குளம் தானாக உண்டானதல்ல. வெள்ளைக்காரத் துரைமார் படகு விடுவதற்காக எந்தக் காலத்திலோ ஓடையை மறித்துக் கட்டியது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியும் துரைமார் போகவில்லை, படகும் போகவில்லை. மதகுக் கதவு மட்டும் உளுத்துப்போய்விட்டது. அதைப் பழுது பார்ப்பதற்காகத் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கலாம் என்று டவுன் சபைக்காரர்கள் முதல் நாள் மாலை கதவை அசைத்திருக்கிறார்கள். கதவு அவர்கள் கையோடு வந்துவிட்டது. விடிவதற்குள் குளம் முழுவதும் பள்ளத்தாக்கில் இறங்கி எங்கேயோ போய்விட்டது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்கு வந்த ஒரே எண்ணம், இன்றைக்கு என் மீனைப் பார்த்துவிடலாம் என்பதுதான்.

என் மீனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் மாமாவின் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் டவுன் என்பது ஒரே ஒரு தெரு. தலவாக்கலை ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்து, வளைந்து வளைந்து ஏறி வந்தால், கடைசி வளைவு திரும்பியதும் முதலில் குளம் தெரியும், அப்புறம் தெரு தெரியும். ஒரு பேக்கரி, ஒரு சலூன், துணிக்கடை, தையல்கடை, மருந்துக்கடை, அப்புறம் வரிசையாகப் பலசரக்குக் கடைகள். எல்லாக் கடைகளுக்கும் முகம் ரோட்டைப் பார்த்து, முதுகு குளத்தைப் பார்த்து. பின்பக்கம் மரத்தூண்களில் தண்ணீருக்கு மேலேயே நிற்கும். வேண்டாததை எல்லாம் பின்ஜன்னல் வழியாகத் தண்ணீரில் போட்டுவிட்டு, முன்வாசலில் கோலம் போட்டுச் சாம்பிராணி காட்டி வியாபாரத்தைத் தொடங்குவார்கள். குளம் வாயைத் திறக்காது என்பதில் எல்லோருக்கும் அவ்வளவு நம்பிக்கை.

மாமா அம்மாவுக்கு ஒரே அண்ணன். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, மாரியம்மன் திருவிழாவில் தேருக்கு முன்னால் நடக்கிற பெரிய மனுஷன். கடைக்காரர்கள் ஒருவர் படிக்கல்லை ஒருவர் இரவல் வாங்கினால் திருப்பித் தர மறந்துவிடுவார்கள் என்பதால், தன்னுடைய கல் ஒவ்வொன்றிலும் அரத்தால் ஒரு சின்ன வேல் கீறி வைத்திருந்தார். அந்த முருகன் வேலைப் பார்த்த நம்பிக்கையில் சாமானை வாங்கிக்கொண்டு போகிற ஜனங்களும் இருந்தார்கள்.

நிறுப்பது என்றாலே எங்கள் பெண்களுக்கு வயிறு எரியும். மலையில் கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு என்று கொஞ்சம், ஈரத்துக்கு என்று கொஞ்சம், கணக்கப்பிள்ளைக்கு அன்றைக்கு இருக்கிற கோபத்துக்கு என்று கொஞ்சம் கழிப்பார்கள். மழையில் நனைந்து பறித்ததில் பாதி மழைக்கே போய்விடும். அதனால் கூடையை இறக்கிய பிறகு பல பேர் தராசு முள்ளைப் பார்க்கவே மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு, குறைக்காமல் நிறுக்கிற ஒரு கடை இருக்கிறது என்பது சாதாரணச் செய்தி இல்லை. அந்தச் செய்தியைச் சொன்னவள் என் அம்மா.

அதற்குக் காரணம் என் அப்பா. அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஆகாது. ஏன் என்று கேட்டால் இரண்டு பேரும் வேறு வேறு காரணம் சொல்வார்கள். அப்பா வேலை செய்தது ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பெட்டிகளை நிறுத்து அடைக்கிற இடத்தில். அங்கே இருந்த தராசு துளி பிசகினாலும் கொழும்பில் கேள்வி கேட்பார்கள். மச்சானின் வண்டவாளத்தைப் பார்த்துவிடுவது என்று ஒருநாள் அப்பா, அம்மா மாமா கடையில் வாங்கிவந்த ஓர் இறாத்தல் சீனிப் பொட்டலத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அந்தத் தராசில் வைத்தார். இறாத்தல் என்றால் இறாத்தல். ஒரு குன்றிமணி குறையவில்லை. பந்தயத்தில் தோற்றவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். அம்மா அதை எடுத்துக்கொண்டு லயத்தில் காம்பரா காம்பராவாக, ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள்.

"எங்க அண்ணன் கடையில கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம். அதுக்கு நான் பொறுப்பு" என்றாள்.

அதன் பிறகு லயமே மாமா கடைக்கு மாறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா முன்னால் போவாள், பெண்கள் எல்லாம் பின்னால் போவார்கள். அம்மாவுக்கு அந்த நடையில் ஒரு மிடுக்கு இருக்கும். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறவள் இவள்தானா என்று எனக்கே சந்தேகம் வரும்.

எங்கள் பக்கத்துக் காம்பராவில் ஒரு சின்னம்மா இருந்தாள். உறவு ஒன்றும் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்ததால் சின்னம்மா. அந்த வீட்டில் திரும்பிய பக்கம் எல்லாம் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் தேத்தண்ணியில் சீனி போட்டுக் கலக்க மாட்டார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மடக்கு என்று குடிப்போம். அப்படிக் குடித்தும் சின்னம்மா வீட்டில் வாரம் பாதி ஆவதற்குள் சீனி தீர்ந்துவிடும். எங்கள் வீட்டில் சனிக்கிழமை வரைக்கும் வரும். ஒரே கடை, ஒரே நாள், ஒரே இறாத்தல்.

அம்மா அவளைக் கண்டிப்பாள். "ஒனக்குக் கையில சிக்கனம் இல்ல. அள்ளி அள்ளிக் குடுத்தா எப்புடி நிக்கும்?" என்பாள். சின்னம்மா சிரித்துக்கொண்டே, "எம்புள்ளைங்க எறும்புங்க அக்கா, மோந்து பாத்தே தின்னுருதுங்க" என்பாள். சீனி டப்பாவைத் தொட்டதற்காக அவள் பிள்ளைகள் அடி வாங்குவது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். எங்கள் வீட்டில் சீனி நிற்கிறதே, நாம் எவ்வளவு நல்ல பிள்ளை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. மற்றவர்களுக்கு மாமா மேசைமேல் கிடக்கும் கல்லைப் போட்டு நிறுப்பார். அம்மா முறை வந்ததும் அந்தக் கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மேசையின் லாச்சியை இழுத்து, சிவப்புத் துணியில் சுற்றி வைத்திருக்கும் வேறு கல்லை எடுப்பார். அதிலும் வேல் இருக்கும். "இது தங்கச்சிக் கல்லு. கூடப் பொறந்தவளுக்குக் கண்ட கல்லையும் போடலாமா" என்பார். பெண்கள் எல்லாம் அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அம்மாவைப் பார்ப்பார்கள். எனக்கு அந்தக் கல்லின்மேல் கொள்ளை ஆசை. துணியைப் பிரித்துக் கொடுக்கிற உரிமையை மாமா எனக்கே விட்டுக்கொடுத்திருந்தார்.

இப்போது மீனுக்கு வருகிறேன்.

சனிக்கிழமைகளில் நான் மாமி வீட்டில் இருப்பேன். வீடு என்றால் கடையின் பின்கட்டுதான். பலகைத் தரைக்குக் கீழே தண்ணீர் தளும்பும். சில நாட்களில் தலவாக்கலை பஸ் வளைவில் திரும்பும்போது விட்டு விட்டு ஹோர்ன் அடிக்கும். மற்ற நாட்களில் அப்படி அடிக்காது. அந்தச் சத்தம் கேட்டதும் தெரு நெடுகக் கடைகளுக்குப் பின்னால் தண்ணீரில் தொப், தொப் என்று சத்தம் கேட்கும். எங்கள் பின்கட்டிலும் கேட்கும். நான் ஜன்னலுக்கு ஓடுவதற்குள் வட்ட வட்டமாக அலை மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

"என்னா மாமி அது?"

"மீனு பாப்பா. ஹோரன் சத்தத்துக்கு மெரண்டு துள்ளுது" என்று மாமி ஜன்னலைச் சாத்துவாள்.

கொஞ்ச நேரத்தில் அந்த பஸ்ஸில் வந்து இறங்கிய, கால்சட்டை போட்ட ஓர் அரசாங்க ஐயா கையில் ஒரு பெட்டியோடு வருவார். கல்லுப் பார்க்கிற ஐயா என்று அவருக்குப் பேர். மாமா எழுந்து நின்று நாற்காலி போட்டுத் தேத்தண்ணி கொடுப்பார். அன்றைக்கு மட்டும் எங்கள் தங்கச்சிக் கல்லும் அதோடு சேர்ந்த சின்னக் கற்களும் லாச்சியை விட்டு மேசைக்கு வந்திருக்கும். விருந்தாளி வந்தால் நல்ல கோப்பையை எடுத்து வைப்பதில்லையா, அதுபோல என்று நினைத்துக்கொள்வேன். ஐயா அந்தக் கற்களைத் தன் பெட்டியில் இருந்த கற்களோடு வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். அதையெல்லாம் நான் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. என் மனசு முழுக்க மீனில் இருந்தது. அவ்வளவு சத்தம் போட்டு விழுகிற மீன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, அதற்குமேல் கை இல்லாததால் நிறுத்திக்கொண்டேன்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. வா, உன் மீனைக் காட்டு என்றார்கள்.

கரையில் தோட்டத்து ஜனம் முழுவதும் நின்றது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. இத்தனை வருடம் அழகு அழகு என்று துரைசாணிமார் குடை பிடித்து நின்று பார்த்த குளத்தின் வயிற்றில் இவ்வளவு அசிங்கம் இருந்ததா என்று எனக்குப் பகீரென்றது. துரைமார் கிளப்பின் நாற்காலிகள் கிடந்தன. சலூன்காரர் திருட்டுப் போய்விட்டது என்று ஊரெல்லாம் சொன்ன கண்ணாடி, கோபத்தில் உடைத்த மாதிரித் துண்டு துண்டாக அவர் கடைக்குப் பின்னாலேயே கிடந்தது. குடியை ஒழிக்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிற பேக்கரி முதலாளியின் பின்ஜன்னலுக்குக் கீழே சாராயப் போத்தல்கள் மலையாகக் குவிந்திருந்தன. ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு கடையின் பின்ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை.

மீன் இல்லை. இருந்த நல்ல மீன்களைச் சபைக்காரர்கள் விடியும் முன்பே கிளப்புக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். மிச்சம் விரல் நீளத்துக் குஞ்சுகளும் சில விலாங்குகளும்தான். பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. என் மீன் கிளப்புக்குப் போகிற மீன் இல்லை, அது மாமா வீட்டு ஜன்னலுக்குக் கீழே இருக்கிற மீன் என்று சொல்லிவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். முழங்கால் வரைக்கும் புதைந்தது. மரத்தூண்களுக்கு நடுவே போனதும் காலில் என்னவோ இடறியது. குனிந்து எடுத்தேன். இரும்பு. சேற்றை வழித்ததும் வேல் தெரிந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மீன் போனால் போகட்டும், மாமாவின் கல் அல்லவா கிடைத்திருக்கிறது. கையை விட்டுத் துழாவினால் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கூழாங்கல் மாதிரிக் கிடந்தன. கையைத் தூக்கிக் காட்டிக் கரைக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"அம்மா, மாமா கல்லு எல்லாம் இங்க கெடக்கு."

சிரிப்பு அப்படியே நின்றது. அவ்வளவு ஜனமும் ஒரே நேரத்தில் வாயை மூடினால் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். பிறகு ஒவ்வொருவராகச் சேற்றில் இறங்கினார்கள். பக்கத்துக் கடைக்குப் பின்னால் தோண்டினார்கள், அங்கேயும் கல். அதற்கடுத்த கடை, அங்கேயும் கல். பலசரக்குக் கடை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சின்னக் குவியல். மாமா கடைக் குவியல்தான் எல்லாவற்றிலும் பெரியது. ஜனங்கள் அதிகம் நம்பிய கடை அது.

சின்னம்மா என் கையில் இருந்த கல்லை வாங்கிப் புரட்டினாள். கல்லின் அடியில் ஈயம் வைத்து அரசாங்க முத்திரை குத்தியிருக்க வேண்டிய குழியில் கறுப்பாக ஏதோ அடைத்திருந்தது. கொண்டை ஊசியை எடுத்துச் சுரண்டினாள். மெழுகு சுருள் சுருளாக வந்தது. ஈயத்தைத் தோண்டி எடுத்துவிட்டு மெழுகை ஊற்றிக் கரி பூசியிருந்தார்கள். அம்மாவைப் பார்த்தாள். எல்லோரும் அம்மாவைத்தான் பார்த்தார்கள்.

அம்மாவின் முகம் வெளிறிப்போயிற்று. ஆனால் ஒரு நொடிதான். அவளுக்கு அண்ணன்மேல் இருந்த நம்பிக்கை அவளுக்கு வழி கண்டுபிடித்துக் கொடுத்தது.

"கொறஞ்ச கல்லுன்னு தெரிஞ்சுதானே எங்க அண்ணன் தூக்கிப் போட்டிருக்காரு. களவாணியா இருந்தா வச்சுக்கிட்டுல்ல நிறுத்திருப்பாரு. வாங்க, கடையில இருக்க கல்லுகூட வச்சே பாத்துருவோம். இது மேல போகும், அது கீழ நிக்கும். அப்பவாவது நம்புவீங்கல்ல?"

பழியைத் துடைப்பதற்காக அம்மாதான் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனாள். இதை நான் மறக்கவே முடியாது. பைப்படியில் அந்தக் கல்லைக் கழுவி, முந்தானையால் துடைத்து, கோயிலுக்குத் தேங்காய் கொண்டுபோகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தாள். வழக்கமான ஞாயிற்றுக்கிழமை போலவே பெண்கள் பின்னால் நடந்தார்கள்.

மாமா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். விபூதி எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. அம்மா கல்லைக் காட்டி, "அண்ணே, இது நீங்க தூக்கிப் போட்ட பழைய கல்லுதானே?" என்று கேட்டாள். பதிலையும் கேள்வியிலேயே வைத்துக் கொடுத்துவிட்டாள்.

"ஆமா தங்கச்சி, பழசு. தேஞ்சு போச்சுன்னு போட்டது" என்றார் மாமா.

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டுக்கிட்டோம்க்கா. வச்சும் பாத்துருவோம்" என்றாள் சின்னம்மா.

"எதுக்குத் தங்கச்சி இவ்வளவு கூட்டம்? உள்ள வா, தேத்தண்ணி குடி" என்று மாமா எழுந்தார். அம்மா கேட்கவில்லை. மேசைமேல் இருந்த கல்லைத் தானே எடுத்தாள். தொங்கும் தராசின் ஒரு தட்டில் அதை வைத்தாள். மற்றத் தட்டில் சேற்றுக் கல்லை வைத்தாள். கையை எடுத்தாள்.

தட்டுகள் கொஞ்சம் ஆடின. பிறகு நின்றன. முள் நட்டநடுவில் நேராக நின்றது.

நான் கையைத் தட்டினேன். சரியாக இருக்கிறது, இரண்டும் சமமாக இருக்கிறது, மாமா கல்லில் குறையே இல்லை என்று குதித்தேன். என்னோடு யாரும் குதிக்கவில்லை. சின்னம்மா தட்டில் இருந்த கடைக் கல்லை எடுத்துத் திருப்பினாள். அதன் அடியிலும் அதே கறுப்பு. ஊசியால் ஒரு கீறு கீறினாள். வெள்ளையாக மெழுகு தெரிந்தது. பின்கட்டுக் கதவருகில் மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இவர்கள் எல்லாம் ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று எனக்குப் பயமாகிவிட்டது.

இந்தச் சங்கடத்தைத் தீர்த்து வைக்க என்னிடம் ஒன்று இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் போய், பழகிய கையால் லாச்சியை இழுத்து, சிவப்புத் துணியைப் பிரித்து, எங்கள் கல்லை எடுத்துவந்தேன். மாமா, "பாப்பா, அத வையி" என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதில்லை. அதற்குள் நான் எட்டித் தட்டில் வைத்துவிட்டேன்.

தட்டு மேசையில் டங்கென்று இடித்தது. சேற்றுக் கல் இருந்த தட்டு மேலே போய்ச் சங்கிலியில் தொங்கிக்கொண்டு ஆடியது.

"எங்க கல்லுதான் பாரம்" என்றேன்.

அம்மா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள்ளைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்கிற பெண்கள் எல்லாம் அன்றைக்கு முள்ளைத்தான் பார்த்தார்கள். யாராவது மாமாவின் சட்டையைப் பிடித்திருக்கலாம், தராசைப் பிடுங்கி எறிந்திருக்கலாம் என்று இன்றைக்கு நினைத்துப் பார்க்கும்போது தோன்றுகிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கூடையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக வெளியே போனார்கள். சின்னம்மா கடைசியாகப் போனாள். போகும்போது அம்மாவிடம் நின்றாள்.

"எம்புள்ளைங்க எறும்பு இல்லக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கடையில் நாங்கள் மட்டும் மிச்சம் இருந்தோம். மாமா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. நடிப்பு என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

"ஒனக்கு நான் ஒரு நாளும் கொறச்சதில்ல தங்கச்சி. அந்த முருகன் சத்தியமா ஒரு நாளும் கொறச்சதில்ல."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் முன்னால் சத்தமாகக்கூடப் பேசாதவள்.

"எனக்கும் கொறச்சிருக்கலாமேண்ணே" என்றாள்.

சொல்லிவிட்டு அப்படியே சீனி மூட்டைமேல் உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். என் வாழ்நாளில் அப்படி ஓர் அழுகையை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. தாத்தா செத்தபோதுகூட அம்மா அப்படி அழவில்லை. மாமியிடம் ஓடலாம் என்றால் மாமி கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள்.

லயத்துக்கு ஏறும்போது வழக்கமாக வாசலில் உட்கார்ந்து ஈர் உருவிக்கொண்டு இருக்கிறவர்கள் ஒருத்தரையும் காணவில்லை. அப்பா மட்டும் வாசலில் நின்றார். செய்தி எங்களுக்கு முன்னால் ஏறி வந்துவிட்டது. மச்சானைப் பற்றித் தான் சொன்னது சரியாகப் போனதற்கு அவர் ஒரு வாரத்துக்குப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அம்மாவைப் பார்த்துவிட்டு வழியை விட்டு விலகி நின்றார்.

அம்மா உள்ளே போய்ச் சீனி டப்பாவை எடுத்தாள். எங்கள் சீனி, சனிக்கிழமையைத் தாண்டி ஞாயிற்றுக்கிழமைக்கும் மிஞ்சி நின்ற சீனி. அதை எடுத்துக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்குப் போனாள். கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. டப்பாவை வாசலில் வைத்துவிட்டு வந்தாள். இருட்டும் வரைக்கும் அது அங்கேயே இருந்தது. பிறகு யார் எடுத்தார்கள் என்று தெரியாது. மறுநாள் எங்கள் வாசலில் டப்பா காலியாக, கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. சின்னம்மா அம்மாவோடு பழையபடி பேசுவதற்கு வெகு காலம் ஆயிற்று. அந்த வீட்டுப் பிள்ளைகள் சீனிக்காக அடி வாங்குகிற சத்தம் மட்டும் அதற்குப் பிறகு சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை.

மதகைக் கட்டினார்கள். மழை பெய்து குளம் நிறைந்தது. துரைமார் மறுபடியும் படகு விட்டார்கள். பார்க்கிறவர்கள் என்ன அழகு என்றார்கள். மாமா கடையும் இருந்தது, மற்றக் கடைகளும் இருந்தன. இருக்கிற தெரு அது ஒன்றுதான், ஜனங்கள் எங்கே போவார்கள். எங்கள் பெண்கள் மட்டும், நிறுப்பதற்கு முன்னால் கல்லைத் திருப்பிக் காட்டச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். அம்மா அந்தக் கடைப் படியை அப்புறம் மிதிக்கவில்லை. சாமான் வாங்கப் பெண்கள் போகும்போது அவர்களுக்குப் பின்னால் கடைசியாக நடந்தாள். சாகும் வரைக்கும் சீனி இல்லாமல்தான் தேத்தண்ணி குடித்தாள்.

கல்லுப் பார்க்கிற ஐயாவுக்கும் என் அம்மாவுக்கும், இந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் மாமா தன் நல்ல கல்லை எடுத்து வைத்தார். ஒருவரைப் பயத்தினால் ஏமாற்றவில்லை, ஒருத்தியைப் பாசத்தினால் ஏமாற்றவில்லை. லயமே அவள் பின்னால் வந்தது அந்தப் பாசத்தை நம்பித்தான். இதையெல்லாம் கூட்டிப் பார்க்கிற வயது எனக்கு அப்போது இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருட்டிய பிறகு, அடுப்படியில் வெறுங்கோப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்துவிட்டு, நான் அப்பாவிடம் போய் மெதுவாகக் கேட்டேன். எல்லாருக்கும்தானே மாமா குறைத்தார், நமக்குக் குறைக்கவே இல்லையே, அப்புறம் அம்மா ஏன் அழ வேண்டும்?

அப்பா என் தலையில் கையை வைத்தார். நமக்கு மட்டும் நல்ல கல்லைப் போட்ட மாமாமேல் அம்மா இப்படிக் கோபித்துக்கொண்டது ரொம்ப அநியாயம் என்று நினைத்துக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.